107-ஐ அழுத்தினால் எடைமேடையில் எடுக்க வேண்டும்

“நாலு தடவை கூப்பிட்டாரு தம்பி. நாலு தடவையும் நான் 107-க்கு மாத்தி விட்டேன். அங்க யாரும் எடுக்கல.”

கவுண்டரில் இருக்கும் அக்கா இதைச் சொன்னபோது அவர் குரல் இறங்கியிருந்தது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, சிறு தோட்டக்காரர்களிடம் செம்பனை (எண்ணெய்ப்பனை) பழக்குலை வாங்கும் நிலையம் அது. இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருப்பவர்கள் வெட்டிய குலைகளைக் கொண்டுவந்து எடை போட்டு விற்பார்கள். நிலையம் அதையெல்லாம் சேர்த்து மில்லுக்கு அனுப்பும். அந்தச் சனிக்கிழமை ஒரு பெரியவர், மழை விட்ட பிறகு பழம் எடுப்பீர்களா என்று கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறார். எடைமேடைக்குரிய கிராணி (எழுத்தர்) வேலையில்தான் இருந்தார். ஆனால் போன் இருந்த அறையில் இல்லை, லோரி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பதில் வராததால் பெரியவர் பழத்தை ஏற்றவில்லை. திங்கட்கிழமை வரை அது அவர் வீட்டு ஓரத்திலேயே கிடந்தது. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் மில்லில் வேகவைத்துவிட வேண்டும் என்பார்கள். நாள் கடந்தால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறும், தரம் இறங்கும், பெரியவருக்குக் கிடைக்கும் பணமும் குறையும்.

இந்த வட்டாரத்தில் தொலைபேசி வயரிங் வேலை செய்து 19 ஆண்டுகள் ஆகின்றன. கிளினிக், லோரி கம்பெனி, தோட்டத்து ஆபீஸ் என்று நான் ஏணி போட்டு ஏறாத கூரை குறைவு. ஆனாலும் இந்த ஒரு வேலையை விவரமாக எழுதிவைக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. வெளியிலிருந்து வரும் அழைப்பை உள்ளே பிரித்து அனுப்பும் பழைய தொலைபேசிப் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும் ஆபீஸ்கள் நம் ஊர்ப் பக்கம் இன்னும் நிறைய இருக்கின்றன. அவர்களிடம் பேசுகிறவர்கள் இரண்டே வழிதான் சொல்கிறார்கள்: எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாகப் போடுங்கள், இல்லாவிட்டால் ஆளுக்கொரு கைப்பேசி கொடுங்கள். நடுவில் ஒரு வழி இருக்கிறது: பழைய பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு கம்பியில்லா போன்களை அதோடு இணைப்பது. அதில் நான் எங்கே தடுக்கினேன் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இடம் எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சாலையோரம் ஆபீஸ். அங்கிருந்து சுமார் 70 மீட்டர் தள்ளி எடைமேடை. அங்கே எல்லாரும் திம்பாங் என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பின்னால் பழம் கொட்டும் மேடை. வலது கைப் பக்கம் லோரி பட்டறை, நான்கு பக்கமும் தகரம். கடைசியில் உர ஸ்டோர். ஆபீஸ் சுவரில் பழைய பெட்டி: வெளி லைன் 3, உள் எக்ஸ்டென்ஷன் 8. எடைமேடைக்கு 107, பட்டறைக்கு 108. இரண்டுக்கும் மண்ணுக்கடியில் செம்புக் கம்பி போகிறது. அந்தக் கம்பி வழியாக இரண்டு முறை மின்னல் இறங்கி, ஒரு முறை பெட்டிக்குள் இருந்த கார்டையே கருக்கியிருக்கிறது.

“ஆளுக்கொரு கைப்பேசி கொடுத்தா முடிஞ்சுதே” என்று முதலாளியின் மகன் கேட்டார். நியாயமான கேள்விதான். முதலாளியே பதில் சொன்னார்: “எடைமேடைப் பையன் மாறிக்கிட்டே இருக்கான். போறவன் நம்பரையும் எடுத்துக்கிட்டுப் போயிடுவான். கிழவனுங்க வீட்டு அலமாரிக் கதவுல எழுதி வச்சிருக்கறது நம்ம 05 நம்பர்தான்.” 05 பேராக் மாநிலத்தின் தொலைபேசிக் குறியீடு. வயதானவர்கள் அந்த ஒரு எண்ணைத்தான் நம்பியிருக்கிறார்கள். அந்த எண்ணில் யார் கூப்பிட்டாலும் அக்கா எடுப்பார், குரலை வைத்தே ஆளைத் தெரிந்துகொள்வார், உரிய இடத்துக்கு மாற்றிவிடுவார். இது அறுந்துவிடக்கூடாது, எடைமேடை ஆள் மட்டும் போனோடு நடமாட வேண்டும். வேலை இவ்வளவுதான்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். உங்களுக்கு ஒரே ஓர் இடத்தில் ஒரே ஒரு கம்பியில்லா போன் போதும் என்றால், ஐபி (கணினி நெட்வொர்க் வழியாகப் பேசும் தொலைபேசி) பக்கமே போகவேண்டாம். சாதாரண கார்ட்லெஸ் போன் ஒன்றை வாங்கி பழைய பெட்டியின் எக்ஸ்டென்ஷன் கம்பியில் மாட்டினால் வேலை முடிந்தது. நான் அப்படி மாட்டிக் கொடுத்த கடைகள் நிறைய, இன்றும் நன்றாக ஓடுகின்றன. இந்த நிலையத்தில் அது போதவில்லை. எடைமேடையில் இரண்டு பேர், பழ மேடையில் ஒருவர், பட்டறையில் ஒருவர் என்று நான்கு ஹேண்ட்செட் தேவைப்பட்டது. எடைமேடையில் இரண்டும் ஒன்றாக அடிக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். பட்டறைக்காரரும் மேடைக்காரரும் அக்காவைத் தொந்தரவு செய்யாமல் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டும். மண்ணுக்கடியில் இனி செம்பு போடக்கூடாது.

முதலில் நான் தேர்ந்தெடுத்தது வைஃபை போன். தவறாகப் போன முடிவு அது. அங்கே ஏற்கெனவே வைஃபை இருந்தது, ஆபீஸில் ஒரு கருவி, எடைமேடைக் கேமராவுக்காக அங்கே ஒன்று. புதிதாக எதுவும் மாட்ட வேண்டியதில்லையே என்று நினைத்தேன். இரண்டு வைஃபை போன் வாங்கி ஆபீஸுக்குள் பேசிப் பார்த்தோம். குரல் அத்தனை சுத்தம். எடைமேடை அறையில் பேசினோம், அங்கேயும் சுத்தம். ஞாயிற்றுக்கிழமை, வளாகம் காலி. திருப்தியாக வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு கிராணி கூப்பிட்டார். நான் போய் அவர் பக்கத்திலேயே நின்றேன். அவர் மேடையின் அந்தப் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தார். பழம் நிறைந்த லோரி ஒன்று மெதுவாக எடைமேடைமேல் ஏறியது. லோரியின் முன் சக்கரம் ஏறியபோது குரல் வெட்டி வெட்டி வந்தது. முழு லோரியும் ஏறி நின்றதும் சத்தமே இல்லை. எடை எழுதி, லோரி இறங்கிப் போனதும் குரல் பழையபடி வந்தது. அடுத்த லோரிக்கும் அப்படியே. அப்போதுதான் எனக்கு உறைத்தது: நான் சோதித்தது காலியான வளாகத்தை. வேலை நடக்கிற வளாகம் வேறு. இரும்புத் தொட்டி, அதற்குள் ஈரம் நிறைந்த பத்து டன் பழம். ரேடியோ அலைக்கு அதைவிடப் பெரிய சுவர் வேண்டியதில்லை. இரும்பு திருப்பி அடிக்கும், ஈரம் உறிஞ்சிக்கொள்ளும்.

அதோடு வேறு இரண்டு தொல்லைகளும் வந்தன. நடந்துகொண்டே பேசினால் ஒரு வைஃபை கருவியிலிருந்து அடுத்ததற்குத் தாவும் இடத்தில் பேச்சு அறுந்தது. வலைப்பக்கம் பார்ப்பவருக்கு ஒரு விநாடி தடங்கல் தெரியாது, பேசுகிறவருக்கு ஒரு சொல்லே போய்விடும், “3.2 டன்” என்பதில் “3” விழுங்கப்பட்டால் என்ன ஆவது? குரலுக்கு வைஃபை வேண்டுமென்றால் ஆள் நடக்கும் இடமெல்லாம் சிக்னல் பலம் மைனஸ் 67 டிபிஎம் என்ற அளவுக்குக் கீழே போகாமல் இருக்க வேண்டும், கருவிகள் வேகமாகக் கைமாற்றும் வகையாக இருக்க வேண்டும், குரலுக்கு முன்னுரிமை கொடுக்கும் அமைப்பு எல்லாக் கருவியிலும் போட்டிருக்க வேண்டும். கேமராவுக்காக மாட்டிய மலிவுக் கருவியிடம் இதை எதிர்பார்த்தது என் பிழை. இரண்டாவது தொல்லை, பேட்டரி. சாயங்காலம் நான்கு மணிக்கே இரண்டும் சோர்ந்துவிட்டன.

வைஃபை போனே ஆகாது என்று நான் சொல்லவில்லை. சுவருக்குச் சுவர் நல்ல கருவி மாட்டிய மருத்துவமனையிலும் ஹோட்டலிலும் அது அழகாக ஓடும். திறந்த வெளி, இரும்பு, லோரி என்று இருக்கும் நம் வளாகங்களுக்கு அது பொருந்தவில்லை. அந்த இரண்டு போன்களும் இப்போது ஆபீஸுக்குள் பயன்படுகின்றன, வீணாகவில்லை.

இரண்டாவது சுற்றில் டெக்ட் பக்கம் வந்தேன். கார்ட்லெஸ் போனுக்கென்றே ஒதுக்கிய அலைவரிசை அது: 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரை. வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் நெருக்கியடிக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் இல்லை. அந்த 20 மெகாஹெர்ட்ஸுக்குள் 10 பாதைகள், ஒவ்வொன்றிலும் 12 பேச்சு. குரலுக்கென்றே நேரம் பிரித்துக் கொடுக்கிற ஏற்பாடு, வரிசையில் நின்று தள்ளுமுள்ளு கிடையாது. ஐபி வகை டெக்டில் பேஸ் (சுவரில் மாட்டும் ரேடியோ கருவி) மட்டும் நெட்வொர்க் கம்பியில் இருக்கும், ஹேண்ட்செட்டுகள் பேஸோடு ரேடியோவில் பேசும். ஹேண்ட்செட்டுக்கு வைஃபை தெரியவே தெரியாது, அதனால்தான் பேட்டரியும் நாட்கணக்கில் நிற்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. முதலாளியின் உறவினர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து வரும்போது ஒரு டெக்ட் செட் கொண்டுவந்து கொடுத்தார். பெட்டியில் டெக்ட் 6.0 என்று போட்டிருந்தது. எண் பெரிதாக இருப்பதால் புதுசு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது அமெரிக்க அலைவரிசைக்கு வைத்த பெயர்: 1920 முதல் 1930 வரை. நம் பக்கம் அந்த இடம் கைப்பேசிச் சேவைக்கு உரியது. அதை இங்கே ஓட்டினால் அக்கம்பக்கத்தில் கைப்பேசிக்கு இடைஞ்சல். நான் பெட்டியைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தேன். வாங்கும்போது மலேசியாவில் பயன்படுத்தச் சான்று பெற்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டு இணையக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஏமாறவேண்டாம்.

பேஸை எங்கே மாட்டுவது என்பதில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன், அந்த நேரம் ஒன்றும் வீண் போகவில்லை. பேஸ் வரும் அட்டைப்பெட்டியில், திறந்த வெளியில் 300 மீட்டர், கட்டடத்துக்குள் 50 மீட்டர் என்று அச்சடித்திருப்பார்கள். அந்த எண்ணை நம்பி மாட்டாதீர்கள். ஈப்போவில் இருக்கும் நண்பரிடம் ஒரு பேஸையும் ஒரு ஹேண்ட்செட்டையும் இரவல் வாங்கினேன். நீளமான நெட்வொர்க் கம்பி, ஏணி, ஒரு வெள்ளைத் தாள். தாளில் வளாகத்தைக் கோடு போட்டு வரைந்துகொண்டேன். வேலை மும்முரமாக இருக்கும் பதினொரு மணிக்கு, லோரிகள் வரிசையில் நிற்கும்போது, ஹேண்ட்செட்டைக் காதில் வைத்துக்கொண்டு நான் நடந்தேன். மறுமுனையில் அக்கா கம்பி போனில் “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று எண்ணிக்கொண்டே போனார். எண் விழுங்கப்பட்ட இடத்தில் தாளில் ஒரு புள்ளி வைத்தேன். நூறு வந்ததும் மறுபடி ஒன்று. அக்கா அன்று எத்தனை நூறு எண்ணினார் என்று கணக்கில்லை. இடையில் வாடிக்கையாளர் வந்தால் “கொஞ்சம் இருங்க” என்று சொல்லிவிட்டு விட்ட எண்ணிலிருந்து தொடர்வார்.

மூன்று இடம் மாற்றிப் பார்த்தோம். ஆபீஸ் சுவரில் வைத்தபோது எடைமேடையின் பின்பக்கம் முழுக்கப் புள்ளி. எடைமேடைக் கம்பத்தில் வைத்தபோது லோரி நின்றால் பழ மேடை போனது. உர ஸ்டோரின் முகட்டுச் சுவரில், ஏறக்குறைய ஐந்து மீட்டர் உயரத்தில், கூரை நீட்டலுக்கடியில் வைத்தபோது லோரித் தொட்டிக்கு மேலாக அலை இறங்கியது. தாளில் இரண்டே புள்ளிகள். உயரம்தான் அங்கே வேலை செய்தது. ஆனால் பட்டறைக்குள், லோரிக்கு அடியில் குனிந்து பார்க்கும் பள்ளத்தில் ஒன்றும் கேட்கவில்லை. நான்கு பக்கத் தகரத்துக்குள் வெளியிலிருந்து எதுவும் நுழையாது. பட்டறைக்குத் தனி பேஸ்தான் வழி.

அங்கே நான் இன்னொரு தவறு செய்யவிருந்தேன், நண்பர் தடுத்தார். ஒரே மாதிரி பேஸ் இரண்டு வாங்கினால் ஆள் நடக்கும்போது பேச்சு ஒன்றிலிருந்து மற்றதற்குத் தானாகத் தாவும் என்று நினைத்திருந்தேன். தாவாது. தனித்து ஓடும் பேஸ் வகை வேறு, பல பேஸ் சேர்ந்து ஒரே அமைப்பாக ஓடும் மல்டிசெல் வகை வேறு. மல்டிசெல்லில் பேஸ்கள் காற்றுவழி ஒன்றையொன்று கேட்டு நேரத்தைச் சரிசெய்துகொள்ளும் வகை பரவலாக இருக்கிறது. ஆகவே இரண்டு பேஸும் ஒன்றையொன்று கேட்கும் தூரத்தில் இருக்க வேண்டும். இரண்டாவது பேஸைப் பட்டறை வாசலுக்குச் சற்று உள்ளே, ஸ்டோர் முகடு கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மாட்டினோம். பட்டறைக்காரர் ஸ்பேனரும் கையுமாகப் பேசிக்கொண்டே மேடை வரை நடந்து வருவார், பேச்சு அறாது.

சரி, இனி பழைய பெட்டியோடு இணைக்கும் கதை. இதில்தான் பலர் பயப்படுகிறார்கள்.

பழைய பெட்டிக்கு ஐபி என்றால் என்னவென்றே தெரியாது. அதனால் பக்கத்தில் ஒரு சிறிய ஐபி பெட்டி வைத்தோம். அதில் பழைய வகைக் கம்பி செருகும் வாய்கள் இரண்டு வகை உண்டு. எப்எக்ஸ்எஸ் என்பது மணி அடிக்கும் மின்சாரமும் டயல் டோனும் கொடுக்கும் வாய். எப்எக்ஸ்ஓ என்பது அதை வாங்கிக்கொள்ளும் வாய், அதாவது ஒரு சாதாரண போன் போல நடந்துகொள்ளும். பழைய பெட்டியின் எக்ஸ்டென்ஷன் ஏற்கெனவே கொடுக்கிற பக்கம். ஆகவே ஐபி பெட்டியில் வாங்கிக்கொள்ளும் எப்எக்ஸ்ஓ வாயில்தான் அதைச் செருக வேண்டும். மாற்றிச் செருகினால் இரண்டு பக்கமும் மின்சாரம் கொடுக்கும், கருவி போகலாம். செருகும் முன் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள், சும்மா இருக்கும் எக்ஸ்டென்ஷனில் நேர்மின் அழுத்தம் காட்டும்.

பழைய பெட்டியின் 107 போர்ட்டை முதல் எப்எக்ஸ்ஓவில், 108-ஐ இரண்டாவதில் செருகினேன். 107-இல் மணி வந்தால் எடைமேடை ஹேண்ட்செட் இரண்டும் அடிக்கும், 108-இல் வந்தால் பட்டறையும் பழ மேடையும். அக்காவுக்கு எதுவுமே மாறவில்லை. இருபது வருடமாக அழுத்திய அதே எண்கள். இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், புதிய எண் பட்டியலை அச்சடித்து ஒட்டி, மறந்து, திட்டு வாங்கும் வேலை யாருக்கும் இல்லை.

ஆனால் முதல் வாரம் இரண்டு சிக்கல். ஒன்று, அக்கா 107-க்கு மாற்றிவிட்ட அழைப்பை யாரும் எடுக்காவிட்டால் பழைய பெட்டி அதை அக்காவிடமே திருப்பி அனுப்பும். அந்தப் பழைய வசதி நின்றுபோனது. மணி வந்த உடனே ஐபி பெட்டி லைனைத் தூக்கிவிட்டு, அப்புறம்தான் ஹேண்ட்செட்டுகளை அடித்துக்கொண்டிருந்தது. பழைய பெட்டிக்கோ, யாரோ எடுத்துவிட்டார்கள் என்று கணக்கு. வெளியிலிருந்து கூப்பிட்டவர் மணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டே காத்திருப்பார். நாம் தீர்க்க வந்த குறையே இது, அதை நானே வேறு வழியில் உண்டாக்கிவிட்டேனே என்று அன்று மனம் கஷ்டப்பட்டது. ஹேண்ட்செட்டில் ஆள் எடுத்த பிறகே லைனைத் தூக்க வேண்டும் என்று அமைப்பை மாற்றியதும் சரியானது. கருவி வாங்குமுன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, லைன் விடாமல் தொங்குவது. ஒரு திங்கட்கிழமை காலை அக்கா 107-ஐ அழுத்தினால் எப்போதும் பிஸி. போய்ப் பார்த்தால் சனிக்கிழமை மதியம் பேசிய ஒரு அழைப்பு இன்னும் ‘ஓடிக்கொண்டிருக்கிறது’: 40 மணி நேரத்துக்கு மேல். மறுமுனை போனை வைத்துவிட்டது என்று எப்எக்ஸ்ஓ வாய்க்கு யாராவது சொல்ல வேண்டும். சில பெட்டிகள் ஒரு நொடி மின்சாரத்தை நிறுத்திச் சொல்லும், சில கம்பியின் முனைகளை மாற்றிச் சொல்லும். எங்கள் பழைய பெட்டி இரண்டும் செய்யவில்லை, ‘டூ டூ டூ’ என்று டோன் மட்டும் கொடுத்தது. அந்த டோனை ஐபி பெட்டி அடையாளம் காண வேண்டும். மலேசியாவின் பொதுத் தொலைபேசி பிஸி டோன் 425 ஹெர்ட்ஸ், அரை நொடி ஒலி, அரை நொடி மௌனம். மெனுவில் மலேசியா என்று தேர்ந்தெடுத்தால் அதுதான் வரும், நானும் அப்படித்தான் போட்டிருந்தேன். ஆனால் எக்ஸ்டென்ஷனில் கேட்கும் டோன் அந்தப் பழைய பெட்டி சொந்தமாக உண்டாக்குவது, அதன் தாளம் வேறு. கைப்பேசியில் பதிவு செய்து, கணினியில் அலையைப் பார்த்து, ஒலி எவ்வளவு, மௌனம் எவ்வளவு என்று அளந்து போட்ட பிறகு லைன் ஒழுங்காக விட்டது. அதோடு எந்த அழைப்பும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் தானாக அறும்படியும் வைத்தேன்.

ஹேண்ட்செட்டிலிருந்து வெளியே கூப்பிடுவதற்கு பழைய பெட்டியில் 9 அழுத்தி லைன் எடுக்க வேண்டும். ஐபி பெட்டி அவசரக்காரன், 9-க்கு அடுத்த எண்களை டயல் டோன் வருமுன்பே அனுப்பிவிடும். முதல் சுழியம் விழுங்கப்பட்டு வேறு யாரோ எடுப்பார்கள். 9-க்குப் பிறகு ஒரு விநாடி இடைவெளி வைத்ததும் தீர்ந்தது. எதிரொலியும் கொஞ்சம் இருந்தது, ஒலி அளவை இரண்டு பக்கமும் மூன்று டெசிபெல் குறைத்ததும் போய்விட்டது. கூப்பிட்டவர் எண் ஹேண்ட்செட் திரையில் தெரிவதில்லை, 107 என்றுதான் காட்டும். இதற்கு எங்கள் பெட்டியில் வழியில்லை. முதலாளியிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன், அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“இண்டர்நெட் ஸ்பீடு கூட்டணுமா?” என்று மகன் கேட்டார். வேண்டாம். ஒரு பேச்சுக்கு ஒரு திசையில் 90 கிலோபிட் கூட ஆகாது. அதுவும் வளாகத்துக்குள்ளேயே சுற்றுகிறது, வெளியே போவது பழைய மூன்று லைன் வழியாகத்தான். இண்டர்நெட் அறுந்தாலும் 107 அடிக்கும். செம்பு லைன்கள் ஃபைபருக்கு மாறினாலும் மோடத்தின் போன் வாயிலிருந்து வரும் கம்பியைப் பழைய பெட்டியில் செருகிக்கொள்ளலாம். கேமராக்களும் போன்களும் ஒரே நெட்வொர்க் சுவிட்சில் இருப்பதால் குரலுக்குத் தனி விலேன் (அதே கம்பியில் தனியாகப் பிரித்த பாதை) பிரித்து முன்னுரிமை கொடுத்தேன். ஐபி பெட்டியை வெளி இண்டர்நெட்டுக்குத் திறந்துவிடவே இல்லை. திறந்துவைத்த பெட்டிகளுக்குள் யாரோ புகுந்து வெளிநாட்டுக்கு அழைத்து பில் ஏற்றும் கொள்ளை உலகம் முழுக்க நடக்கிறது. ஒவ்வொரு ஹேண்ட்செட் கணக்குக்கும் நீளமான கடவுச்சொல். 1234 வேண்டவே வேண்டாம்.

மின்னலைப் பற்றி நான் பிடிவாதமாக இருந்தேன். பேஸ்களுக்கு மின்சாரம் நெட்வொர்க் கம்பியிலேயே போகும், 100 மீட்டர் வரை போடலாம். ஆபீஸிலிருந்து ஸ்டோருக்கு அந்தத் தூரத்துக்குள் செம்புக் கம்பியே எட்டும். ஆனால் கட்டடத்துக்குக் கட்டடம் செம்பு போட்டால் மறுபடி மின்னலுக்கு வழி. ஆகவே நடுவில் ஃபைபர், ஸ்டோரில் ஒரு சின்ன சுவிட்ச், அங்கிருந்து பேஸுக்குச் சில மீட்டர் மட்டும் செம்பு. செலவு கொஞ்சம் கூடியது. முதலாளி யோசித்தார். கருகிய பழைய கார்டை மேசை டிராயரிலிருந்து எடுத்து வைத்தேன், சரி போடுங்க என்றார்.

மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பதை வாயால் சொல்லாமல் மெயின் சுவிட்சை இறக்கியே பார்த்தோம். யுபிஎஸ்ஸில் ஆபீஸும் ஸ்டோர் பேஸும் நின்றன. பட்டறையில் தனி யுபிஎஸ் இல்லாததால் அந்த பேஸ் செத்தது, உடனே ஒன்று வாங்கினோம். எல்லாம் போனாலும் பழைய பெட்டி முதல் வெளி லைனை அக்காவின் 101-க்கு நேராக விட்டுவிடும். அதனால் அக்காவின் கம்பி போனை மட்டும் எந்தக் காரணத்துக்கும் கழற்றக்கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். பட்டறை இருக்கிற இடம் அது, 999-ஐ அழுத்தினால் போக வேண்டும்.

ஆட்களுக்குப் பழக்கியதில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். சார்ஜ் வைக்கும் தொட்டிலை எங்கே வைக்கிறோம் என்பதுதான் முக்கால்வாசி. முதலில் ஆபீஸில் வரிசையாக வைத்தோம், பார்க்க அழகாக இருந்தது. மாலையில் யாரும் 70 மீட்டர் நடந்து வந்து வைக்கவில்லை, சில நாள் கழித்து ஒரு காலையில் இரண்டு ஹேண்ட்செட் செத்துக் கிடந்தன. எடைமேடைத் தொட்டிலை, கிராணி மோட்டார் சைக்கிள் சாவியை மாட்டும் ஆணிக்குக் கீழே வைத்தேன். சாவியை எடுக்கும் கை போனை வைத்துவிட்டுத்தான் போகிறது. பட்டறையில் மணிச் சத்தம் கம்ப்ரஸர் சத்தத்தில் கேட்காது என்பதால் அங்கே ஹேண்ட்செட்டை அதிர்வில் வைத்துச் சட்டைப் பையில் போடச் சொன்னேன்.

எல்லாம் முடிந்து மூன்றாவது சனிக்கிழமை கணக்குத் தீர்க்கப் போயிருந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. போன் அடித்தது, அக்கா எடுத்தார். “ஆங், சொல்லுங்க தாத்தா. இருங்க, கேட்டுச் சொல்றேன்.” 107. இரண்டாவது மணியில் எடுத்துவிட்டார்கள். கண்ணாடி வழியே பார்த்தேன், கிராணி ஒரு கையால் லோரிக்கு ‘இன்னும் முன்னே’ என்று சைகை காட்டிக்கொண்டே மறுகையில் பேசிக்கொண்டிருந்தார். அக்கா ரிசீவரை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“அஞ்சரை வரைக்கும் எடுப்பாங்களாம். வரச் சொல்லிட்டேன்.”

உர ஸ்டோரின் 106 இன்னும் பழைய கம்பியில்தான் இருக்கிறது. மழைக்காலத்துக்கு முன்னால் அதையும் மாற்றிவிடலாமா என்று முதலாளி கேட்டிருக்கிறார். அடுத்த வாரம் தாளோடு ஒரு நடை நடந்து பார்க்க வேண்டும்.